தியாகபூமி தந்த டைரக்டர் கே. சுப்ரமணியம்

அடையாறு காந்தி நகரில் உள்ள நிருத்யோதயா நாட்டியப் பள்ளியை அறியாத கலை அன்பர்கள் சென்னையில் குறைவு. 1942இல் அதனைத் தோற்றுவித்தவர் நாட்டியக் கலைஞர் அல்லர். அந்நிய அரசின் தடைக்கு ஆளான ஒரு திரைப்படத்தைப் படைத்தவர். டைரக்டர் கே. சுப்ரமணியம் என்று தமிழகம் மதிப்புடன் அழைத்த அப்பெருமகனின் வாழ்வை நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் நினைவுகூர்வது பொருத்தமே. எழுதுவோரின் சுதந்திரம் குறித்து நாம் இன்றும் பேச வேண்டியிருக்கிறது அன்றோ!

தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்தில் 1904ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் பிறந்த சுப்ரமணியம், சட்டம் பயின்று வழக்குரைஞர் ஆனார். ஆயினும் மௌனப் படக் காலத்திலேயே ராஜா சாண்டோவின் தொடர்பு அவரைத் திரையுலகுக்கு இழுத்தது. 1934இல் அவர் இயக்கிய 'பவளக்கொடி', எம். கே. தியாகராஜ பாகவதரையும் எஸ். டி. சுப்புலட்சுமியையும் திரைக்கு அறிமுகம் செய்தது. அடையாற்றில் இருந்த மீனாட்சி சினிடோன் ஸ்டூடியோவில், சூரிய ஒளியை நம்பியே அப்படம் எடுக்கப்பட்டது. உணவு வேளையில் கூடிவந்து கரைந்த காகங்களை விரட்டுவதற்கென்றே துப்பாக்கியுடன் ஓர் இளைஞரை அமர்த்தினார்கள் என்று திரை வரலாறு எழுதியோர் சுவையாகச் சொல்வதுண்டு.

புராணக் கதைகளே பொருள் ஈட்டித் தந்த அந்நாளில், சமூகத்தின் புண்களைத் திரைக்குக் கொண்டுவரத் துணிந்தார் சுப்ரமணியம். 1937இல் வந்த 'பாலயோகினி' விதவையர் படும் துயரையும் சாதியின் கொடுமையையும் பேசியது. பேபி சரோஜாவின் புகழால் ஊர்தோறும் பெண் குழந்தைகளுக்குச் சரோஜா என்று பெயரிட்டனர். விதவை வேடத்தில் உண்மையிலேயே ஒரு பிராமண விதவையை நடிக்க வைத்தமைக்காக, அவர் பிறந்த சமூகத்தார் அவரைச் சாதி விலக்குச் செய்தனர். அரசாங்கத்தின் கத்தரிக்கோல் அவரைத் தீண்டுமுன்னரே சமூகத்தின் கத்தரிக்கோல் தீண்டிவிட்டது. அவர் அஞ்சவில்லை. மறு ஆண்டே பிரேம்சந்தின் நாவலைத் தழுவி 'சேவாசதனம்' எடுத்தார். வரதட்சிணையால் விளையும் பொருந்தா மணத்தைச் சாடிய அப்படத்தில்தான் எம். எஸ். சுப்புலட்சுமி முதன்முதலாகத் திரையில் தோன்றினார்.

இவற்றிற்கெல்லாம் சிகரமாக 1939ஆம் ஆண்டு மே மாதம் 'தியாகபூமி' வெளிவந்தது. கல்கி எழுதிய கதை ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, ஓவியங்களுக்குப் பதிலாகப் படத்தின் காட்சிகளே அச்சாயின. எழுத்தும் திரையும் இவ்வாறு கைகோத்து வந்தது தமிழுக்குப் புதுமை. புயலால் வீடிழந்த அரிஜன மக்களுக்கு அடைக்கலம் தந்து, அதனால் ஊர் விலக்குக்கு ஆளாகும் சம்பு சாஸ்திரியாக, பாபநாசம் சிவன் நடித்தார். மயிலைக் கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளில் மார்கழி பஜனை பாடி வலம் வந்த அதே சிவன்தான்! கணவனால் கைவிடப்பட்ட சாஸ்திரியின் மகள் சாவித்திரி, பின்னாளில் செல்வச் சீமாட்டியாகத் திரும்புகிறாள். கணவன் தன்னுடன் வாழ வருமாறு வழக்குத் தொடுக்க, அவள் நீதிமன்றத்தில் அதனை மறுத்து, வேண்டுமானால் தானே அவனுக்கு ஜீவனாம்சம் தருவதாகக் கூறுகிறாள். நிறைவில் விடுதலைப் போரில் தன்னை ஒப்படைக்கிறாள். டி. கே. பட்டம்மாளின் குரலில் தேசபக்திப் பாடல் ஒலித்தது. காந்தியடிகள் இராட்டை நூற்கும் காட்சியும் இடம்பெற்றது.

இத்தகைய படம் அக்காலத்தில் எவ்வாறு அனுமதி பெற்றது? 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னைத் தணிக்கை வாரியம் போலீஸ் கமிஷனரின் தலைமையில் இயங்கியது. படம் வெளிவந்தபோது இராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை ஆட்சியில் இருந்தமையால் தணிக்கையின் பிடி தளர்ந்திருந்தது. போர் மூண்டதும், இந்தியரைக் கலவாமல் இந்தியாவைப் போரில் ஈடுபடுத்தியதைக் கண்டித்து, அவ்வமைச்சரவை 1939 அக்டோபர் இறுதியில் பதவி விலகியது. ஆளுநரின் நேரடி ஆட்சி வந்தது. 1940இல் தியாகபூமி தடை செய்யப்பட்டது. படத்தில் ஓர் அடிகூட மாறவில்லை. ஆட்சிப் பீடம் மட்டுமே மாறியிருந்தது. கலைக்கு ஆபத்து விளைவிப்பது அதன் உள்ளடக்கமன்று, அதனை அளப்பவரின் அச்சமே என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

தடை வருகிறதென்று அறிந்ததும் சுப்ரமணியமும் எஸ். எஸ். வாசனும் செய்த காரியம் வியப்புக்குரியது. சென்னை கெயிட்டி திரையரங்கில் படத்தைக் கட்டணமின்றி எவரும் காணலாம் என அறிவித்தனர். மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். இறுதியில் காவலர் அரங்கினுள் புகுந்து தடியடி நடத்திக் கூட்டத்தைக் கலைத்தனர். இந்திய சினிமா வரலாற்றில் அரிய நிகழ்ச்சி அது.

அதன்பின் வந்த ஆண்டுகள் அவருக்கு எளிதாயிருக்கவில்லை. அவர் உருவாக்கிய ஸ்டூடியோ தீக்கிரையாகி ஏலத்துக்கு வந்தது. அதனை வாசன் வாங்கி ஜெமினி ஸ்டூடியோவாக வளர்த்தார். போர்க் காலத்தில் பிலிம் சுருளுக்குக் கட்டுப்பாடு வந்தது. போர் ஆதரவுப் படங்களை எடுக்குமாறு தயாரிப்பாளர்களை அரசு நெருக்கியது. தியாகபூமியைத் தடை செய்த அதே அரசின் போர் முயற்சிக்குத் துணையாக 'மானசம்ரட்சணம்' என்னும் படத்தை அவர் எடுக்க நேர்ந்தது. இதனை மறைத்து அவரைப் புகழ்வதில் பயனில்லை. தடை என்பது ஒரு படத்தை மட்டும் நிறுத்துவதன்று. ஒரு கலைஞன் அடுத்து எதை எடுக்கலாம் என்பதையும் அது தீர்மானித்துவிடுகிறது. எழுதப்படாமலே போன கவிதைகளுக்குக் கணக்கில்லாததுபோல், எடுக்கப்படாமலே போன படங்களுக்கும் கணக்கில்லை.

ஆயினும் அவர் ஓய்ந்துவிடவில்லை. தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபை, நடிகர் சங்கம் ஆகியவை வேரூன்ற உழைத்தார். திரைத்தொழிலில் உள்ளோர் தனித்தனியே நின்றால் அரசின் முன் குரலற்றுப் போவர் என்பதை அனுபவத்தால் உணர்ந்தவர் அவர். மகள் பத்மா சுப்ரமணியம் நாட்டியத்திலும், மகன் எஸ். கிருஷ்ணசுவாமி ஆவணப்படத் துறையிலும் புகழ் பெற்றனர். 1971ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சுப்ரமணியம் மறைந்தார்.

தடை செய்யப்பட்ட தியாகபூமியின் பிரதி புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது. தடைக்கு ஆளாகாத சேவாசதனமோ காலத்தின் அலட்சியத்தால் மறைந்துபோயிற்று. தணிக்கை அதிகாரியைக் குறை கூறும் நாம், நம் மறதியையும் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். நம் வட்டத்தின் கூட்டங்களுள் ஒரு மாலைப் பொழுதையேனும் தியாகபூமியைத் திரையிட்டுக் காண ஒதுக்குவோமாக. கவிஞர்கள் கூடிக் கண்டு விவாதிக்கும் அந்த மாலையே அம்மாமனிதருக்கு நாம் செலுத்தும் தக்க அஞ்சலியாகும்.