குயினின் ராஜா!



படிக்க ஆரம்பிக்கும் முன் ஒரு சின்ன வேலை. உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு முறை காலால் தரையைத் தட்டுங்கள். உடனே ஒரு முறை கை தட்டுங்கள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, மறுபடியும் அதேபோல... டம், டம், டக்! டம், டம், டக்! (வகுப்பில் செய்து, டீச்சரிடம் மாட்டிக்கொண்டால் நான் பொறுப்பல்ல.)

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? உலகம் முழுக்க விளையாட்டு மைதானங்களில் ரசிகர்கள் போடும் தாளம் இது. 1977ல் வெளிவந்த, 'வீ வில் ராக் யூ' என்ற பாட்டிலிருந்து வந்தது. பாடியவர் பிரெடி மெர்குரி. இங்கிலாந்தின், 'குயின்' ராக் இசைக்குழுவின் பாடகர்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் அவருடைய பரம ரசிகன். அதனால் நடுநடுவே என் விருப்பு, வெறுப்புகள் எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைப் போன்ற ரசிகர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நேற்றுப் பிடித்ததையே இன்றைக்கும், நாளைக்கும் கொடு என்று அடம் பிடிப்போம். பிரெடியோ, ஒருமுறை செய்ததை மறுமுறை செய்யமாட்டார். இந்த இழுபறி அவருடைய வாழ்நாள் முழுக்க நடந்தது.

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு அருகே சான்சிபார் என்ற தீவு இருக்கிறது. இன்று அது டான்சானியா நாட்டின் ஒரு பகுதி. அங்கே, 1946 செப்டம்பர் 5ல் பிறந்தார் பிரெடி. இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. பெற்றோர், குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பார்சி இனத்தவர். ஆங்கிலேய ஆட்சி நடந்த அந்தத் தீவில், அப்பாவுக்குக் காசாளர் வேலை.

எட்டு வயதில், நல்ல படிப்பு வேண்டுமென்று மகனைக் கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினர். இன்றைய மகாராஷ்டிர மாநிலத்தில், பஞ்ச்கனி என்ற மலை ஊரில், விடுதியுடன் கூடிய ஒரு பள்ளி. எட்டு வயதுப் பையன், அப்பா, அம்மாவைக் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு, விடுதிக் கட்டிலில் தனியாகப் படுத்திருப்பதை நினைத்துப் பாருங்கள்!

அங்கே அவனுக்குத் துணையாக வந்தது பியானோ. ஒரு பாட்டை ரேடியோவில் கேட்டால் போதும். அப்படியே வாசித்துக் காட்டுவான். பன்னிரண்டு வயதில், நண்பர்களோடு, 'ஹெக்டிக்ஸ்' என்ற குழுவையும் தொடங்கினான். வேடிக்கை என்ன தெரியுமா? அந்தக் குழுவில் முன்னால் நின்று பாடியது வேறொரு மாணவன். நம்ம ஆளுக்குப் பின்னால் பியானோ வேலைதான்!

பிரெடி என்ற செல்லப் பெயர் வந்ததும் அந்தப் பள்ளியில்தான். இன்னொரு பட்டப்பெயரும் இருந்தது. வாயின் பின்பக்கத்தில் நான்கு பற்கள் கூடுதலாக முளைத்து, முன்பற்களை வெளியே தள்ளியிருந்தன. பிள்ளைகள் கேலி செய்யாமல் விடுவார்களா? அதனால் சிரிக்கும்போது உதட்டாலோ, கையாலோ பல்லை மறைப்பது அவருக்குக் கடைசி வரை பழக்கமாக இருந்தது. பணம் கொட்டிய காலத்திலும் பல்லைச் சரி செய்யவில்லை. குரல் மாறிவிடுமோ என்ற பயம்தான் காரணம்.

படிப்பு முடிந்து சான்சிபார் திரும்பிய கொஞ்ச நாளில், 1964 ஜனவரியில் அங்கே புரட்சி வெடித்தது. ஏராளமானோர் கொல்லப்பட்டனர். உயிர் பிழைத்தால் போதுமென்று, பெட்டிகளில் அடங்கியதை மட்டும் எடுத்துக்கொண்டு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது புல்சாரா குடும்பம். அப்போது பிரெடிக்கு வயது 17.

லண்டனில் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேதான் அவர் ஒரு தீவிர ரசிகர் ஆனார்! ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்ற அமெரிக்கர், இடது கையால் கிடார் வாசித்து, லண்டனையே கலக்கிக்கொண்டிருந்த நேரம் அது. அவருடைய கச்சேரிகளுக்கு மீண்டும் மீண்டும் ஓடுவார் பிரெடி. வீட்டுக்கு வந்து, அவர் படத்தையே வரைந்து தள்ளுவார். பிறகு, ரோஜர் டெய்லர் என்ற நண்பரோடு சேர்ந்து, கென்சிங்டன் சந்தையில் பழைய துணிக்கடை வைத்தார். 1970 செப்டம்பர் 18ல், ஹெண்ட்ரிக்ஸ் 27 வயதில் இறந்துபோனார். அன்று, துக்கம் கடைப்பிடித்துக் கடையை மூடிவிட்டனர் நண்பர்கள் இருவரும்.

அதே ஆண்டில் பிறந்தது குயின். டிரம்ஸ் வாசிக்க ரோஜர். கிடாருக்கு பிரையன் மே. இந்த பிரையன் பலே கில்லாடி. விண்வெளி இயற்பியல் மாணவர். பழைய கணப்பு அடுப்பின் மரச் சட்டத்தை அறுத்து, அப்பாவோடு சேர்ந்து சொந்தமாகக் கிடார் செய்தவர். 1971ல், ஜான் டீக்கன் வந்து சேர்ந்தார். புல்சாரா என்ற குடும்பப் பெயரை, மெர்குரி என்று மாற்றிக்கொண்டார் பிரெடி. ஓவியர் அல்லவா? நால்வரின் ராசிச் சின்னங்களையும் சேர்த்து, குழுவின் சின்னத்தை அவரே வரைந்தார். இரண்டு சிங்கம், ஒரு நண்டு, கன்னி ராசிக்காரரான தனக்காக இரண்டு தேவதைகள்!

1975ல் வந்தது, 'பொஹிமியன் ராப்சடி.' சின்ன வயதில், அண்ணன் கொண்டு வந்த கேசட்டில் முதன்முதலாக இதைக் கேட்டபோது, யாரோ நடுவில் வேறு பாட்டைத் தவறுதலாகப் பதிந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். மெதுவான பியானோ பாட்டு, திடீரென்று மேடை நாடகப் பாடலாகிறது. பெரிய கூட்டமே பாடுகிறது. பிறகு இடி இடிப்பது போல் கிடார்... எல்லாம் ஒரே பாட்டு!

அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் தெரியுமா? மூன்றே பேர். பிரெடி, பிரையன், ரோஜர். பாடியதை நாடாவில் பதிந்து, அதன்மேல் மறுபடி பாடிப் பதிந்து, அதற்கும் மேல் இன்னொரு முறை... இப்படி நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம், வாரக்கணக்கில் வேலை நடந்தது. திரும்பத் திரும்ப ஓடியதில், நாடாவில் பூசியிருந்த காந்தத் துகள் தேய்ந்து, அந்தப் பக்கம் இருப்பது இந்தப் பக்கம் தெரிய ஆரம்பித்துவிட்டதாம்! முழுப் பாட்டும் பிரெடியின் மண்டைக்குள்தான் இருந்தது. அவர் கிறுக்கி வைத்த தாள்கள், 2023ல் லண்டனில் ஏலத்துக்கு வந்தன. ஒரு தாளில், பாட்டின் பெயரை, 'மங்கோலியன் ராப்சடி' என்று எழுதி அடித்திருக்கிறார். நல்ல வேளை!

ஆறு நிமிடத்துக்கு ஐந்து நொடிதான் குறைவு. இவ்வளவு நீளப் பாட்டை எந்த ரேடியோவும் போடாது என்று இசைத்தட்டு நிறுவனம் கையை விரித்தது. வெட்டிச் சுருக்க மறுத்துவிட்டார் பிரெடி. கென்னி எவரெட் என்ற ரேடியோ அறிவிப்பாளர், ஒரு சனி, ஞாயிறில் மட்டும் இதை 14 முறை போட்டார். இங்கிலாந்தில் ஒன்பது வாரம் முதலிடம்!

வேறு யாராக இருந்தாலும், இதே மாதிரி இன்னும் பத்துப் பாட்டு செய்து பிழைத்திருப்பர். பிரெடியின் குழு போன திசையே வேறு.

1977ல் ஒரு கச்சேரி முடிந்த பிறகும் கூட்டம் கலையவில்லை. குழுவினருக்காக ரசிகர்களே சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டனர். பிரையன் யோசித்தார். நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தால் என்ன செய்ய முடியும்? காலைத் தட்டலாம், கையைத் தட்டலாம், பாடலாம். அதிலிருந்து வந்ததுதான், நீங்கள் முதலில் போட்ட டம், டம், டக்! டிரம்ஸ் கிடையாது. பழைய பலகைகள்மேல் ஏறி நின்று, எல்லாரும் உதைத்ததைப் பலமுறை பதிந்து அடுக்கியதுதான் அந்த முழக்கம். ரசிகர்களையே குழுவில் சேர்த்துக்கொண்ட பாட்டு அது.

ஆனால், சேர்ந்த ரசிகர்கள் சும்மா இருப்போமா? 1980ல், நீண்ட கூந்தலை வெட்டி, அடர்ந்த மீசை வைத்துக்கொண்டார் பிரெடி. அமெரிக்கக் கச்சேரிகளில் ரசிகர்கள் மேடையை நோக்கி எதை வீசினர் தெரியுமா? சவர ரேசர்களை! மீசையை எடு என்று அர்த்தம். அவர் எடுக்கவில்லை.

மீசையோடு சண்டை முடியவில்லை. சிந்தசைசர் என்று ஒரு மின்னணுக் கருவி உண்டு. எந்த வாத்தியத்தின் ஒலியையும் உண்டாக்கும். தங்கள் இசையில் அது கிடையாது என்று, 1970களில் இசைத்தட்டு உறையிலேயே பெருமையாக அச்சிட்டு வந்தது குயின். 1980ல் அதையே வாங்கிப் பயன்படுத்தியது. 1982ல் வந்த, 'ஹாட் ஸ்பேஸ்' தொகுப்பில், ராக் இசை குறைந்து நடன இசை நிறைந்துவிட்டது. பழைய ரசிகர்கள் கொதித்துப் போயினர்.

என் கட்சி என்ன என்கிறீர்களா? மறைப்பானேன்... எனக்கும் அந்தத் தொகுப்பு பிடிக்காது. டேவிட் போவியோடு சேர்ந்து பாடிய, 'அண்டர் பிரஷர்' ஒன்றைத் தவிர, மற்றவற்றைத் தாண்டிப் போய்விடுவேன். கிடார் ஓரமாக உட்கார்ந்து தூங்குவது போல் இருக்கும். ஆனால், அதற்கு இரண்டு ஆண்டு முன், ஜான் எழுதிய நடனப் பாட்டு ஒன்று அமெரிக்காவில் முதலிடம் பிடித்ததும் உண்மை. அதைத் தனித் தட்டாக வெளியிடச் சொன்னவர், மைக்கேல் ஜாக்சன்! புது வழியில் போனால் ஒன்று பழுக்கும், ஒன்று வெம்பும் என்பது பிரெடிக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

குயின் கதை முடிந்தது என்று பலர் பேச ஆரம்பித்த நேரத்தில் வந்தது, 1985 ஜூலை 13. எத்தியோப்பியாவின் பஞ்சத்துக்கு நிதி திரட்ட, 'லைவ் எய்ட்' நிகழ்ச்சி. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் 72 ஆயிரம் பேர். குயினுக்குக் கிடைத்தது சுமார் 20 நிமிடம். மற்றவர்கள் சாதாரணமாக வந்தபோது, குயின் மட்டும் கடிகாரம் வைத்து நாள்கணக்கில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தது. பட்டப்பகல்; வண்ண விளக்கு ஜாலம் எதுவும் கிடையாது. வெள்ளை பனியன், பாதி உடைந்தது போன்ற மைக் கம்பி, பிரெடி... அவ்வளவுதான்.

(அந்தக் கம்பிக்கும் கதை உண்டு. ஆரம்ப காலக் கச்சேரி ஒன்றில் மைக் கம்பி பாதியாக உடைந்தது. பாதியோடே பாடி முடித்தார்; வசதியாக இருக்கவே, அப்படியே வைத்துக்கொண்டார்!)

பாட்டின் நடுவே அவர் கை தூக்கினால், 72 ஆயிரம் ஜோடிக் கைகள் ஒரே நேரத்தில் தட்டின. அவர் ஒரு ராகத்தை இழுத்தால், மைதானமே அதைத் திருப்பிப் பாடியது. கோபித்துக்கொண்டு போயிருந்த ரசிகர்கள் எல்லாம், அன்று மாலையே திரும்பி வந்துவிட்டனர்.

சரி, இனிமேலாவது ராக் பாடுவார் என்று பார்த்தால்... ஆப்பரா பக்கம் போனார்! மான்செராட் கபாயே என்ற ஸ்பெயின் நாட்டு ஆப்பரா பாடகியின் குரல்மேல் அவருக்கு உயிர். 1987ல், பார்சிலோனா நகரில் அவரைச் சந்திக்கப் போனபோது, லட்சம் பேர்முன் அஞ்சாமல் பாடிய பிரெடிக்கு உதறல் எடுத்ததாம். ஹெண்ட்ரிக்ஸ் கச்சேரிக்கு ஓடிய அதே பழைய ரசிகர்! இருவரும் சேர்ந்து பாடிய, 'பார்சிலோனா' தொகுப்பு, 1988ல் வந்தது. ராக் ரசிகர்கள் பலர் முகம் சுளித்தனர். இந்த விஷயத்தில் நான் பிரெடி கட்சி. அவர் பாடியதிலேயே மிக அழகானது இதுதான் என்று யாரோடும் சண்டை போடுவேன். 1992ல் அந்த நகரில் ஒலிம்பிக் நடந்தபோது, அந்தப் பாட்டு உலகெங்கும் ஒலித்தது. கேட்பதற்குத்தான் அவர் இல்லை.

1987ல், தனக்கு எய்ட்ஸ் நோய் இருப்பது பிரெடிக்குத் தெரிந்தது. உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியை அழித்துவிடும் நோய் அது. இன்று மருந்து சாப்பிட்டபடி நீண்ட நாள் நலமாக வாழலாம். அத்தகைய கூட்டு மருந்துகள் வந்தது, 1996 வாக்கில்தான். பத்திரிகைக்காரர்கள் வீட்டு வாசலில் காத்துக் கிடந்தனர். அவரோ, பாட முடிகிற வரை பாடிவிடுவது என்று முடிவு செய்தார். 'தி ஷோ மஸ்ட் கோ ஆன்' பாட்டில் உச்சத்தில் பாட வேண்டிய இடங்கள் பல. நிற்கவே சிரமப்படுகிறவரால் முடியுமா என்று கவலைப்பட்டார் பிரையன். பாடி முடித்துவிட்டார் பிரெடி!

1991 நவம்பர் 23ல், தன் நோயை உலகுக்கு அறிவித்தார். மறுநாளே இறந்துபோனார்; வயது 45.

சுவிட்சர்லாந்தில், ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள மாண்ட்ரூ என்ற ஊரில், கையை உயர்த்தியபடி அவருக்குச் சிலை இருக்கிறது. அந்த ஊர் ஒலிப்பதிவுக் கூடத்தில்தான், 1991 மே மாதம் கடைசியாகப் பாடினார். 'மதர் லவ்' என்ற பாட்டு. களைத்துப்போய், கடைசிச் சரணத்தை அப்புறம் பாடலாம் என்று வைத்துவிட்டுப் போனார். பிறகு வரவே இல்லை. 1995ல் அந்தப் பாட்டு வெளிவந்தபோது, அந்தச் சரணத்தை பிரையன் பாடியிருந்தார். பிரெடியின் குரலைப் போல மாற்றிப் பாட அவர் முயலவில்லை. தன் சொந்தக் குரலில், மெதுவாகப் பாடியிருக்கிறார். குரல் மாறும் அந்த இடம், கேட்பவர் எல்லாருக்கும் தெரியும்.