பட்டம் வாங்காத பாரிஸ்டர்

மலர்க் குழுவினர் இந்த வருடம் யாராவது ஒரு பெரியவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். அப்துல் கலாம், விஸ்வேஸ்வரய்யா என்று இன்ஜினியர்களுக்கென்றே இருக்கும் பெயர்களை மற்ற நண்பர்கள் முந்திக்கொண்டு விட்டார்கள். நான் தேர்ந்தெடுத்தது ஒரு சட்ட மாணவரை. தமிழ்ப் பாடப் புத்தகத்தில் 'குளத்தங்கரை அரசமரம்' எழுதியவர் என்று ஒரே வரியில் படித்துவிட்டு நாம் மறந்துபோன வ.வே.சு. ஐயர்தான் அவர். அவருடைய மாணவப் பருவம் ஒரு சினிமாக் கதையையே தோற்கடித்துவிடும்.

1881-ல் திருச்சியை அடுத்த வரகனேரியில் பிறந்தார். வரகனேரி வெங்கடேச சுப்பிரமணியம் என்பதன் சுருக்கம்தான் வ.வே.சு. திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் பி.ஏ. படித்தார். அங்கே லத்தீனும் கற்றார். பிளீடர் பரீட்சையில் தேறி, திருச்சி கோர்ட்டிலும் அதன்பின் ரங்கூனிலும் வக்கீல் தொழில் பார்த்தார். அந்தக் காலத்தில் வக்கீலுக்கு மேலே பாரிஸ்டர். அதற்கு லண்டன் போக வேண்டும். மனைவி பாக்கியலட்சுமியை ஊரில் விட்டுவிட்டு 1907-ல் கப்பலேறி, லிங்கன்ஸ் இன் என்ற சட்டக் கழகத்தில் சேர்ந்தார். மூன்று வருடத்தில் கோட்டும் கவுனுமாகத் திரும்பி வந்து பங்களா கட்டுவார் என்றுதான் யாரும் எதிர்பார்த்திருப்பார்கள்.

லண்டனில் ஹைகேட் பகுதியில் 'இந்தியா ஹவுஸ்' என்று ஒரு வீடு. 1905-ல் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா இந்திய மாணவர்களுக்காகத் தொடங்கியது. நம்ம ஹாஸ்டல் மாதிரி, வெளியிலிருந்து பார்த்தால் சாப்பாடும் தங்கலும்தான். உள்ளே நடந்தது வேறு. சாவர்க்கர் அங்கே ரகசியமாக ஒரு புரட்சி இயக்கத்தை வளர்த்துக்கொண்டிருந்தார். ஐயர் அவருக்கு வலது கை ஆனார். பகலில் சட்டப் புத்தகம். மற்ற நேரத்தில் ரகசியக் கூட்டம், துப்பாக்கிப் பயிற்சி. இதற்கு நடுவே பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகைக்கு லண்டன் கடிதமும் எழுதி அனுப்பினார். எந்தச் சாம்ராஜ்யத்தின் சட்டத்தைக் கரைத்துக் குடித்தாரோ, அதே சாம்ராஜ்யத்தைக் கவிழ்க்க வழி தேடினார்.

1909 ஜூலை 1-ந் தேதி இந்தியா ஹவுஸோடு தொடர்புடைய மதன்லால் திங்ரா, கர்சன் வைலி என்ற அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். அடுத்த மாதமே அவர் தூக்கிலிடப்பட்டார். திங்ரா லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் படித்த இன்ஜினியரிங் மாணவர் என்பதைப் படித்தபோது எனக்கு ஒரு நிமிடம் என்னவோ போல் ஆகிவிட்டது. கொலை சரியா தவறா என்ற வாதம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதே வருடம் அக்டோபரில் லண்டன் இந்தியர்கள் நடத்திய விஜயதசமி விருந்துக்குத் தலைமை தாங்க வந்தவர் காந்தி. சமையல் வேலையில் சத்தமில்லாமல் புகுந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் அவர்தான் என்பது அங்கிருந்த மாணவர்களுக்குத் தெரியவில்லை. அடையாளம் கண்டு சொன்னவர் ஐயர் என்று உடனிருந்த டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

1910 மார்ச்சில் சாவர்க்கர் கைதானார். அடுத்த குறி ஐயர்தான். நான் சொல்ல வந்த விஷயமே இங்கேதான் இருக்கிறது. ஐயர் பாரிஸ்டர் பரீட்சைகளை முடித்துவிட்டார். பாக்கி இருந்தது ஒரே ஒரு சடங்கு. பிரிட்டிஷ் மகுடத்துக்கு விசுவாசமாக இருப்பேன் என்று பிரமாணம் எடுக்க வேண்டும். எடுத்தால் பட்டம். மூன்று வருடப் படிப்பு, கடல் கடந்து வந்த செலவு, குடும்பத்தின் நம்பிக்கை எல்லாமே அந்த இரண்டு வரியில் அடங்கியிருந்தது. மனதில் ஒன்று, வாயில் ஒன்று என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஐயர் மறுத்துவிட்டார். பட்டமில்லாமலே வெளியேறினார்.

அதன்பின் அவர் செய்ததைப் பாருங்கள். தாடி வளர்த்து, தலைப்பாகை கட்டி, சீக்கியராக வேஷம் போட்டார். வழியில் போலீஸ் சந்தேகப்பட்டபோது, பெட்டியில் இருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துகளுக்கு வீர விக்ரம சிங் என்று விளக்கம் சொல்லித் தப்பினார் என்று ஒரு கதை உண்டு. பாரிஸ் போய், அங்கிருந்து 1910 டிசம்பரில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். உயிர் பிழைக்கப் பெயரை மாற்றிக்கொண்டவர், பட்டத்துக்காகப் பொய்ப் பிரமாணம் செய்யவில்லை. இரட்டை வாழ்க்கை வாழ்ந்தவர்தான், ஆனால் எங்கே நடிக்கலாம், எங்கே கூடாது என்ற கோடு அவருக்குத் தெளிவாக இருந்தது.

எங்கள் உத்திரமேரூர் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருப்பது உங்களுக்குத் தெரியும். சபை உறுப்பினருக்குப் படிப்பும் சொத்தும் மட்டும் போதாது, நடத்தையும் வேண்டும், கணக்குக் காட்டாதவன் நிற்கவே கூடாது என்கிறது அது. அந்தப் பரீட்சையில் ஐயர் லிங்கன்ஸ் இன்னில் பாஸ் ஆனார் என்பேன்.

புதுச்சேரியில் பாரதியாரும் அரவிந்தரும் துணை. 1911-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கிப் பயிற்சி தந்தவர் ஐயர் என்பார்கள். அதே கைதான் திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது, தமிழ்ச் சிறுகதைக்குக் கால்கோள் இட்டது. 1920-ல் வெளியே வந்து 'தேசபக்தன்' ஆசிரியரானார். ராஜத்துரோக வழக்கில் பெல்லாரி சிறையில் இருந்தபோது கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். ஹோமர், மில்டன் பக்கத்தில் கம்பனை நிறுத்திக் காட்டிய நூல் அது.

குறையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சேரன்மாதேவியில் அவர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. காங்கிரஸ் நிதி பெற்ற தேசியப் பள்ளியில் இது என்ன நியாயம் என்று டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ராவும் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஒரு வாக்கியத்துக்காகப் பட்டத்தையே தூக்கி எறிந்தவர், பெற்றோர் சிலரின் கட்டாயத்துக்கு இங்கே இடம் கொடுத்துவிட்டார். அந்தச் சச்சரவு தமிழக அரசியலின் திசையையே மாற்றியது. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார்.

1925 ஜூனில் பாபநாசம் மலையில் நீரைத் தாண்டும்போது மகள் சுபத்ரா தவறி விழ, காப்பாற்றக் குதித்த ஐயரும் அருவியோடு போய்விட்டார். வயது 44.

நாம் எல்லோரும் பட்டம் வாங்கிவிட்டோம். ஃபிரேம் போட்டு மாட்டியும் விட்டோம். ஆனால் வேலையில் தினம் ஒரு கையெழுத்துப் போடுகிறோம். பார்க்காத சிமென்ட் டெஸ்ட் ரிப்போர்ட்டில், போகாத சைட் இன்ஸ்பெக்‌ஷனில் போடச் சொல்லி யாராவது பேப்பரை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டே வரிதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று தோன்றும். அந்தச் சமயத்தில், பட்டம் வாங்காமல் லண்டனை விட்டுப் போன அந்தத் தாடிக்காரரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள், நண்பர்களே.