ஜியோவன்னி பட்டிஸ்டா மோர்கானி

ஜியோவன்னி பட்டிஸ்டா மோர்கானி (1682 – 1771) ஓர் இத்தாலிய மருத்துவரும் உடற்கூற்றியல் அறிஞரும் ஆவார். நோய் எந்த உறுப்பில் இருக்கிறது என்பதைப் பிணக்கூறாய்வு மூலம் தேடிய இவர், நோயியலின் தந்தை எனப் போற்றப்படுகிறார். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பும் தமனித் தடிப்பும் ஒரே உடலில் காணப்படுவதைத் தொடக்கத்திலேயே பதிவு செய்தவர்களுள் இவரும் ஒருவர்.

வாழ்க்கை

மோர்கானி 1682 பெப்ரவரி 25 இல் இத்தாலியின் போர்லி நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். போலோனியா பல்கலைக்கழகத்தில் பயின்று 1701 இல் மெய்யியலிலும் மருத்துவத்திலும் பட்டம் பெற்றார். அங்கு அந்தோனியோ வல்சால்வா என்னும் உடற்கூற்றியலாளருக்கு உதவியாளராக இருந்தார். சில காலம் சொந்த ஊரில் மருத்துவம் பார்த்த பின்னர், பதுவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1715 இல் உடற்கூற்றியல் பேராசிரியராக அமர்த்தப்பட்டு, 1771 டிசம்பரில் இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார்.

நோய்களின் இருப்பிடம்

உடலிலுள்ள நீர்மங்களின் சமநிலை கெடுவதே நோய்க்குக் காரணம் என்ற பழைய கொள்கை அக்காலத்தில் வலுவாக இருந்தது. மோர்கானி, நோயாளி உயிருடன் இருந்தபோது பட்ட துன்பங்களையும், இறந்தபின் உடலில் கண்ட மாற்றங்களையும் ஒப்பிட்டு எழுதினார். நோய்களின் இருப்பிடங்களையும் காரணங்களையும் பற்றிய இவரது இலத்தீன் நூல் 1761 இல், இவரது 79 ஆவது அகவையில் வெளியானது. 70 மடல்களாக அமைந்த இந்நூலில் ஏறத்தாழ 700 நோயாளிகளின் விவரங்கள் உள்ளன.

வயிற்றுக் கொழுப்பு

பருத்த உடலினர் சிலரை ஆராய்ந்த மோர்கானி, கொழுப்பு தோலுக்கடியில் மட்டுமன்றி வயிற்றறையிலும் நெஞ்சறையின் நடுப்பகுதியிலும் மிகுந்திருப்பதைக் கண்டார். அத்தகையோரிடம் தமனித் தடிப்பும் இருந்ததைக் குறித்துவைத்தார். எனினும் இத்தொடர்பின் காரணத்தை விளக்க அக்கால அறிவியலில் வழியில்லை. உள்ளுறுப்புகளைச் சூழ்ந்த கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் கல்லீரலை அடைகின்றன; இதனால் இன்சுலினின் செயல் குறைந்து, இரத்தக் கொழுப்பின் அளவுகள் சீர்கெடுகின்றன என்பது பிற்கால விளக்கமாகும்.

பிற்கால ஆய்வுகள்

ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின், 1947 இல் பிரெஞ்சு மருத்துவர் சான் வாகு, உடல் எடையைவிடக் கொழுப்பு சேரும் இடமே முக்கியம் என எடுத்துக்காட்டினார். சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் 54 அகவையுடைய 792 ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1984 இல் வெளியானது. இடைச் சுற்றளவுக்கும் இடுப்புச் சுற்றளவுக்கும் உள்ள விகிதம் மிகுந்தவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பும் மிகுதி என அது காட்டியது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வும் இதனை உறுதிசெய்தது.

தெற்காசியருக்கு, உடல் மெலிந்து தோன்றினாலும் வயிற்றில் கொழுப்பு சேரும் இயல்பு உண்டு. எனவே இடைச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன. மோர்கானி பிணக்கூறாய்வில் மட்டுமே காண முடிந்த ஆபத்தை, கள்ளக்குறிச்சியின் மருத்துவமனையிலும் கல்வராயன் மலைச் சிற்றூரிலும் ஓர் அளவுநாடாவைக் கொண்டே இன்று மதிப்பிடலாம்.