கைவிளக்கேந்திய காரிகையும் ஆறிப்போன கஞ்சியும்

மலருக்கு ஏதாவது எழுதப்பா என்று சங்கச் செயலாளர் கேட்டதும், ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அந்தத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு நாமெல்லாம் எவ்வளவு கிண்டல் அடித்திருக்கிறோம்! ஆனால் எழுத வந்ததோ வேறொரு தட்டைப் பற்றி.

இரண்டு வருடங்களுக்கு முன் என் அப்பா பெரிய ஆபரேஷன் ஒன்றுக்குப் பிறகு மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வேளாவேளைக்குக் கஞ்சி வரும். கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். ஆறி, ஆடை படிந்து, அப்படியே திரும்பிப் போகும். சார்ட்டில் மட்டும் உணவு கொடுத்ததாக டிக் இருக்கும். பம்ப் ஓடுகிறது, ஆனால் கடைசி வீட்டுக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்றால், சப்ளை சரி என்று எந்த இன்ஜினியராவது எழுதுவானா? மற்றவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. பக்கத்து நாற்காலியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

நைட் டியூட்டியில் இருந்த நர்ஸ் அக்கா ஒருவர்தான் அந்தக் கிண்ணத்தைக் காட்டி, ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலைப் படித்துப் பாருங்கள் சார் என்றார். பள்ளிப் பாடத்தில் கைவிளக்கோடு வருவாரே, அவரேதான். விளக்கைப் போலவே கரண்டியும் அவருக்கு முக்கியம் என்பதைப் பாடத்தில் நான் படித்ததில்லை.

1820 மே 12 அன்று இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில், வசதியான ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். நர்ஸ் வேலை என்றாலே முகம் சுளித்த காலம் அது. வீட்டில் கடும் எதிர்ப்பு. அதை மீறி 1851-ல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பயிற்சி பெற்றார். 1853-ல் லண்டன் ஹார்லி தெருவில் பெண்களுக்கான சிறு மருத்துவமனை ஒன்றின் பொறுப்பு கிடைத்தது. அங்கே அவர் கேட்டு வாங்கிய வசதி என்ன தெரியுமா? சமையலறையிலிருந்து மாடிக்குச் சாப்பாடு ஏற்ற ஒரு லிஃப்ட்! படியேறி இறங்குவதிலேயே நர்ஸின் நேரம் போகக்கூடாது என்பது அவர் கணக்கு. நம்ம ஆள் என்று அப்போதே தோன்றிவிட்டது.

1854 நவம்பர் 4. கிரிமியப் போரில் காயமடைந்த பிரிட்டிஷ் வீரர்கள் கிடந்த ஸ்கூட்டாரி மருத்துவமனைக்கு (இன்றைய இஸ்தான்புல்லில் உள்ளது) 38 நர்ஸ்களுடன் வந்து சேர்ந்தார். அங்கே இறைச்சித் துண்டங்களை அடையாளம் கட்டிப் பெரிய செப்புக் கொப்பரையில் போட்டு வேகவைப்பார்கள். ஒன்று குழைந்திருக்கும், இன்னொன்று பச்சையாக இருக்கும். எலும்போடு நிறுத்துப் பங்கு போட்டதால் ஒருவருக்கு வெறும் எலும்பே கிடைக்கும். வயிற்றுப்போக்கில் துவண்டவர் இதை எப்படிச் சாப்பிடுவார்? நைட்டிங்கேல் தனிச் சமையலறைகளை ஏற்படுத்தி, கூவைக்கிழங்கு மாவுக் கஞ்சியும் சூப்பும் கொடுத்தார். 1855-ல் அலெக்சிஸ் சோயர் என்ற புகழ்பெற்ற சமையல் நிபுணர் வந்து மொத்தச் சமையலையும் சீர்படுத்தினார்.

ஆனால் ஒரு கசப்பான உண்மையும் உண்டு. நல்ல கஞ்சி கொடுத்தும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 42 சதவீதம் பேர் இறந்தார்கள். மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்துக்கு வழி செய்த பிறகு, ஜூனில் அது சுமார் 2 சதவீதத்துக்கு இறங்கியது. போர் முடிந்து, வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல் அறிஞருடன் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோதுதான் இந்த உண்மை அவருக்கு முழுதாக விளங்கியது. தன் மருத்துவமனையின் சாவுக் கணக்கை மூடி மறைக்காமல் 1858-ல் வரைபடமாகப் போட்டு அரசுக்கே காட்டினார். அந்த நேர்மைக்கே ஒரு சல்யூட்!

அதற்காக உணவை அவர் விட்டுவிடவில்லை. கிரிமியாவில் பிடித்த காய்ச்சலின் விளைவாகப் பல வருடங்கள் படுக்கையோடு இருந்தவர் அவர். 1859-ல் வெளியிட்ட நர்ஸிங் நூலில் உணவுக்கென்றே இரண்டு அத்தியாயங்கள் வைத்தார். சாப்பாடு நிறைய இருக்கும் இடத்திலேயே, ஊட்டும் முறை தெரியாததால் நோயாளிகள் பட்டினி கிடக்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. ரொம்ப பலவீனமானவர்களுக்குக் காலையிலேயே திட உணவு இறங்காது; ஒரு மணிக்கு ஒரு கரண்டி என்று கொடுங்கள்; சாப்பிடாததைப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போகாதீர்கள் என்றார். மாட்டிறைச்சிச் சூப்பில் சத்து மிகக் குறைவு என்றும் துணிந்து சொன்னார்.

1876-78 சென்னை மாகாணப் பஞ்சத்தின்போது, பாசனம்தான் வழி என்று சர் ஆர்தர் காட்டனுக்கு ஆதரவாக எழுதியவரும் இவரே. சிவில் நண்பர்கள் கவனிக்க! 1910 ஆகஸ்ட் 13 அன்று காலமானார்.

1974-ல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பட்டர்வொர்த், ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகள் சத்தின்றி வாடுவதை எழுதியபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது. இன்று வாயால் சாப்பிட முடியாத ஐ.சி.யூ. நோயாளிக்குப் பொதுவாக 24 முதல் 48 மணி நேரத்துக்குள் குழாய் வழியே உணவைத் தொடங்கப் பார்க்கிறார்கள். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று அதிகம் கொடுப்பதும் ஆபத்து என்பதால் அதற்கும் அளவு உண்டு.

நானும் டாக்டரிடமும் டயட்டீஷியனிடமும் கேட்டு, ஒரு நோட்டில் அப்பா குடித்ததை மட்டும் எழுத ஆரம்பித்தேன். மணிக்கு நாலு கரண்டி. பத்தாவது நாள், இட்லி இல்லையாடா என்று அப்பாவே கேட்டுவிட்டார்!

தம்பி தங்கைகளே, யாரையாவது ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வேலை முடிந்தது என்று திரும்பாதீர்கள். திரும்பிப் போகிற தட்டை ஒரு நிமிடம் பாருங்கள்.