பூச்சிகளுக்குப் பெயர் சூட்டிய மேதை

படிப்பு ஏறாது என்று ஆசிரியர்கள் கைவிட்ட பையன் உலகப் புகழ் பெற்ற வரலாறு

சுவீடன் நாட்டில் ராசுல்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே நீல்ஸ் என்ற பாதிரியார் வாழ்ந்தார். செடி கொடிகள் என்றால் அவருக்கு உயிர். 1707-ம் ஆண்டு மே மாதம் 23-ந் தேதி அவருக்கு ஒரு மகன் பிறந்தான்.

அவன்தான் பிற்காலத்தில் உலகமே போற்றிய கார்ல் லின்னேயஸ்!

நான்கு வயதில் தந்தையோடு தோட்டத்தில் சுற்றுவான். இது என்ன செடி, அது என்ன செடி என்று ஓயாமல் கேட்பான். சொன்ன பெயரை மறந்துவிட்டு மறுபடியும் கேட்பான். தந்தைக்குக் கோபம் வந்தது. இனி மறந்தால் ஒரு பெயரும் சொல்லமாட்டேன் என்று கண்டித்தார். அன்று முதல் பையன் பெயர்களை மனத்தில் பதிய வைத்துக்கொண்டான்.

செருப்புத் தைக்கும் வேலையா?

பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அவனுக்குப் பாடத்தில் மனம் செல்லவில்லை. காட்டிலும் வயலிலும் செடிகளைத் தேடி அலைந்தான்.

1726-ல் தந்தை பள்ளிக்கூடத்துக்கு வந்து விசாரித்தார். உங்கள் மகன் படிப்புக்கு லாயக்கில்லை, ஒரு கைத்தொழிலில் விட்டுவிடுங்கள் என்று ஆசிரியர்கள் கூறினார்கள். தந்தையின் மனம் உடைந்தது. மகனைச் செருப்புத் தைக்கும் தொழிலில் சேர்க்கலாமா என்று கூட யோசித்தார்.

அப்பொழுது கைகொடுத்தவர் ரோத்மன் என்ற டாக்டர். பையனைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, தாவர நூலும் வைத்திய நூலும் கற்றுக்கொடுத்தார்.

பிறகு உப்சாலா பல்கலைக்கழகம் சென்றார் லின்னேயஸ். கையில் காசு இல்லை. கிழிந்த செருப்புக்குள் காகிதத்தை மடித்து வைத்து நடந்தார். அவருடைய அறிவைக் கண்டு வியந்த செல்சியஸ் என்ற பேராசிரியர் தங்க இடமும் உணவும் தந்தார்.

இரண்டே சொல்

அந்தக் காலத்தில் ஒரு செடியைக் குறிப்பிட ஒரு வரி நீளத்துக்கு லத்தீன் சொற்களை எழுதுவார்கள். ஒரே செடிக்கு ஊருக்கு ஒரு பெயர், நூலுக்கு ஒரு பெயர். வைத்தியர் ஒரு மூலிகையைச் சொல்ல, நோயாளி வேறொன்றைத் தின்றால் என்ன ஆகும்?

லின்னேயஸ் ஒரு வழி கண்டார். ஒவ்வோர் உயிருக்கும் இரண்டே சொல். முதற்சொல் குடும்பப் பெயர் போல. இரண்டாவது அதன் சொந்தப் பெயர். 1753-ல் செடிகளுக்கும், 1758-ல் விலங்குகளுக்கும் இந்த முறையில் பெயர் சூட்டினார். மனிதனுக்கு ஹோமோ சேப்பியன்ஸ் என்று பெயர் வைத்தவரும் அவரே!

ரம்பம் வைத்த பூச்சி

1758-ல் வெளிவந்த அந்த நூலில் ரம்பப் பூச்சிகளும் இருக்கின்றன. இவை தேனீ, குளவி, எறும்பு ஆகியவற்றின் உறவு. ஆனால் குளவிக்கு உள்ளது போன்ற ஒடுங்கிய இடை கிடையாது. பெண் பூச்சியின் வயிற்று நுனியில் ரம்பம் போன்ற உறுப்பு உண்டு. அதனால் இலையையோ தண்டையோ கீறி, உள்ளே முட்டையிடும்.

அவற்றில் ஒன்றுக்கு ரோஜாவைக் குறிக்கும் ரோசே என்ற சொந்தப் பெயரை வைத்தார். ஆனால் அதன் புழு தின்பது ரோஜாவை அல்ல. கடுகு, டர்னிப் முதலிய செடிகளின் இலையை! பின்னால் வந்தவர்கள் அதன் குடும்பப் பெயரை மாற்றி அத்தாலியா என்றார்கள். ரோசே என்ற பெயர் மட்டும் மாறவில்லை. பொருத்தமில்லை என்பதற்காக ஒரு பெயரை நீக்கக் கூடாது என்பது விதி. ஆளுக்கு ஆள் திருத்தினால் பழைய குழப்பம் திரும்பிவிடும் அல்லவா?

தரங்கம்பாடிக்கு வந்த மாணவர்

லின்னேயஸின் மாணவர்கள் பல நாடுகளுக்குச் சென்று செடிகளையும் உயிர்களையும் சேகரித்தார்கள். சிலர் அந்நிய மண்ணிலேயே மாண்டார்கள். அவரிடம் பயின்ற கோனிக் என்பவர் 1768-ல் நமது தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்தார். இந்திய மண்ணிலேயே 1785-ல் காலமானார்.

பெயரை மறந்தார்

1774-ல் லின்னேயஸைப் பக்கவாதம் தாக்கியது. நினைவு மங்கியது. ஆயிரக்கணக்கான உயிர்களுக்குப் பெயர் சூட்டியவர், கடைசியில் தம் பெயரையே மறந்துவிட்டாராம்! 1778 ஜனவரி 10-ந் தேதி உயிர் நீத்தார்.

அவர் சேர்த்து வைத்த செடிகளையும் பூச்சிகளையும் 1784-ல் ஸ்மித் என்ற ஆங்கில இளைஞர் விலைக்கு வாங்கினார். அவை இன்றும் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன.

இன்று ஒருவர் புதிய ரம்பப் பூச்சியைக் கண்டால், உடனே பெயர் வைத்துவிட முடியாது. இதற்கு முன் யாராவது அதை வருணித்திருக்கிறார்களா என்று 1758 வரை பின்னோக்கிப் பார்க்கவேண்டும். இறகு, கால், ரம்பத்தின் பல் எல்லாவற்றையும் ஒப்பிடவேண்டும். பெயருக்குச் சாட்சியாக ஒரு பூச்சியைக் காட்சிசாலையில் வைக்கவேண்டும். அதன் பிறகு வைக்கும் பெயர் இரண்டே சொல்லில் இருக்கவேண்டும்.

படிப்புக்கு லாயக்கில்லை என்று சொல்லப்பட்ட பையன் போட்டுத் தந்த பாதை அது!