அமைச்சரான சத்தியவாணி முத்து

குழந்தைகளே! நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கணவரை இழந்த ஏழைப் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரசு இலவசத் தையல் இயந்திரம் வழங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் திட்டத்துக்கு சத்தியவாணி முத்து அம்மையார் நினைவாகப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். யார் அவர்?

ஒடுக்கப்பட்ட சமூகத்தில் 1923, பிப்ரவரி 15-இல் பிறந்தவர். தி.மு.க., 1949-இல் தொடங்கிய நாளிலிருந்தே அதில் இருந்தார்.

1953-இல் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் வந்தது. பாதி நேரம் பள்ளி. மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். அப்படியானால் செருப்புத் தைப்பவர் மகன் என்றுமே செருப்புத்தானே தைக்க வேண்டும்? 'குலக்கல்வித் திட்டம்' என்று பலரும் அதை எதிர்த்தார்கள். அம்மையாரும் போராடிச் சிறை சென்றார். 1954-இல் காமராஜர் ஆட்சியில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

1957-இல் தி.மு.க.வினர் முதன்முதலாகத் தேர்தலில் நின்றபோது 15 பேர் சட்டசபைக்குச் சென்றார்கள். பெரம்பூரில் வென்ற அம்மையாரும் அவர்களுள் ஒருவர். 1962-இல் அதே ஊரில் தோற்றார். சோர்ந்து போனாரா? இல்லை! 1967, 1971 தேர்தல்களில் மீண்டும் அங்கேயே வென்றார். அண்ணா அமைச்சரவையில் அரிசன நலத்துறை அமைச்சரானார்.

தம் மக்களுக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்று கருதியதும் 1974-இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். 'தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம்' என்ற தனிக்கட்சி கண்டார். 1977-இல் நம் உளுந்தூர்ப்பேட்டையில் போட்டியிட்டார், வெற்றி கிட்டவில்லை. பின்னர் அ.தி.மு.க.வில் சேர்ந்து, 1978 முதல் 1984 வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். 1979-இல் சரண்சிங் அமைச்சரவையில் மத்திய அமைச்சரானார். திராவிடக் கட்சிகளிலிருந்து மத்திய அமைச்சரான முதல் இருவரில் இவரும் ஒருவர். 1999, நவம்பர் 11-இல் மறைந்தார்.

சட்டசபை, மாநிலங்களவை இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 20 ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறார்! கட்சி மாறியதுண்டு, தோல்வியும் கண்டதுண்டு. ஆனால், யாருக்காகப் பேசினார் என்பது மட்டும் மாறவே இல்லை.

அவர் கவனித்த துறை இன்று ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை. கல்வராயன் மலையில் உள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளை நடத்துவதும் அதுதான். மலையில் படிக்கும் செல்வங்களே, நாளை சட்டசபையில் உங்கள் ஊருக்காகப் பேசப் போவது உங்களில் ஒருவராகவும் இருக்கலாம். நன்றாகப் படியுங்கள்!