மணி அடித்த பங்குத்தந்தை



ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 15 இரவு, மெக்சிகோவின் குடியரசுத் தலைவர் அரசு மாளிகை மாடியில் நின்று ஒரு மணியை அடிக்கிறார். சதுக்கத்தில் கூடிய மக்கள் வாழ்த்து முழங்குகிறார்கள். விடிந்தால் விடுதலைத் திருநாள். பச்சை மிளகாயில் இறைச்சி திணித்து, வெள்ளை வால்நட் குழம்பு ஊற்றி, சிவந்த மாதுளை முத்துக்களைத் தூவுகிறார்கள். கொடியின் மூன்று நிறமும் ஒரே தட்டில்! (மே 5-ஐ விடுதலை நாள் என்று பலர் நினைக்கிறார்கள். அது 1862-இல் புவெப்லாவில் பிரெஞ்சுப் படையை வென்ற நாள்.)

அந்த மணி ஒரு கோயில் மணி. 1896-இல் தலைநகருக்கு வரும்வரை டோலோரெஸ் ஊரின் வியாகுல அன்னை ஆலயத்தில் இருந்தது. இன்றைய வழிபாட்டு நாட்காட்டியில் செப்டம்பர் 15 வியாகுல அன்னையின் நினைவுநாள் என்பதை நாம் அறிவோம்.

அங்கே பங்குத்தந்தையாக இருந்தவர் மிகுவேல் இதால்கோ. 1753-இல் பிறந்தவர், குருவானபின் கல்லூரி அதிபராகவும் பணியாற்றியவர். 1803-இல் டோலோரெசுக்கு வந்தார். ஏழைப் பூர்வகுடி மக்களுக்கு மண்பாண்டம் செய்யவும், தோல் பதனிடவும், பட்டுப்புழுவும் தேனீயும் வளர்க்கவும் கற்றுக்கொடுத்தார். குறையற்ற குரு என்று அவரைச் சொல்ல முடியாது. அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் மக்கள் பசித்திருப்பதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

1810 செப்டம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான திட்டம் வெளியே தெரிந்துவிட்டது. விடியற்காலையில் மணியை ஒலிக்கச் செய்து மக்களை எழுச்சிக்கு அழைத்தார். அன்றே அதோதோனில்கோ திருத்தலத்தில் குவாதலூப்பே அன்னையின் திருவுருவத்தை எடுத்துக் கொடியாக்கினார். ஆயிரமாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள்.

இனி வருவதை மறைக்கக் கூடாது. அதே மாதம் 28-ஆம் நாள் குவானாஹுவாத்தோவில், தானியக் கிடங்கில் தஞ்சம் புகுந்த நூற்றுக்கணக்கானோரை அன்னையின் கொடி ஏந்திய கூட்டம் கொன்று குவித்தது. பின்னர் குவாதலஹாராவில் ஸ்பானியக் கைதிகள் அவர் உத்தரவின்படியே விசாரணையின்றிக் கொல்லப்பட்டார்கள். அதே நகரில்தான் அடிமை முறையை ஒழிக்கும் ஆணையையும் அவர் பிறப்பித்தார். ஒரே மனிதர், ஒரே கை. அவரை முன்பே திருச்சபையிலிருந்து விலக்கி ஆணையிட்டிருந்தவர், அவருடைய பழைய நண்பரான மிச்சோவாக்கான் மறைமாவட்டத்தின் நியமன ஆயர்.

1811 மார்ச்சில் பிடிபட்டார். சிறையில், சிந்திய இரத்தத்துக்காக வருந்தி எழுதினார். அது முழுவதும் அவர் மனமறிந்து எழுதியதா என்று வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். ஆனால் சாவதற்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்தார். அதனால் அவர் திருச்சபையின் உறவிலேயே இறந்தார் என மெக்சிகோ உயர்மறைமாவட்டத்தின் வரலாற்று அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். சிறைக் காவலர்களுக்கு நன்றி சொல்லிச் சுவரில் கவிதை எழுதிவைத்தார். குருத்துவ நிலை பறிக்கப்பட்ட மறுநாள், ஜூலை 30-இல் சுடப்பட்டார்.

அவர் தலையைக் கூண்டில் வைத்து அதே தானியக் கிடங்கின் மூலையில் பத்தாண்டுகள் தொங்கவிட்டார்கள். 1821-இல் இறக்கினார்கள். 1823-இல் மெக்சிகோ பேராலயம் அவருடைய எலும்புகளை ஏற்று அடக்கம் செய்தது.